தட்டல் நின்ற குளிர்காலம்

அன்புள்ள பிரணவன்,

எங்கள் பழைய வீட்டைச் சூடாக்கும் பொய்லரைப் பற்றி நீ கேட்டது ஒரு வாட்ஸ்அப் செய்திதான். "அம்மா, பொய்லருக்கு என்னென்ன செய்யவேணும் எண்டு சும்மா பொயின்ற் பொயின்றாப் போட்டு விடுங்கோ" என்றாய். நானும் போனைக் கையில் எடுத்தேன். "தண்ணீரைப் பார்" என்று எழுதினேன். எந்தத் தண்ணீர், எங்கே பார்ப்பது, ஏன் பார்க்கவேண்டும் என்று நீ அடுத்ததாகக் கேட்பாய் என்று தெரியும். ஏன் என்று எழுதத் தொடங்கினால் உன் அப்பாவைப் பற்றி எழுதவேண்டி வருகிறது. அதை போனில் பெருவிரலால் எழுத முடியாது. அதனால் அக்கா நிலானி வேலைக்குப் போனபிறகு, அவளுடைய சாப்பாட்டு மேசையில் இருந்து இதை ஆறுதலாக எழுதுகிறேன். நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாய். அவசரமில்லை. என் மருமகள் மேகலா சென்னையில் படித்த பிள்ளை, அவளை உரத்து வாசிக்கச் சொல்லு. அவளும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான். இனி அந்தப் பழைய வீடு அவளுடைய வீடும் அல்லவா.

இங்கே அஜக்ஸில் நாங்கள் குடிவந்திருக்கும் உன் அக்காவின் வீடு நல்ல வீடு. என் முழங்காலுக்கு ஏற்ற வீடு. தரையில் உள்ள துவாரங்களால் சூடான காற்று வருகிறது. சூட்டைக் கூட்டிக் குறைக்கும் தேர்மோஸ்ரற்றை போனிலேயே திருப்புகிறார்கள். ஆனால் காலையில் எழும்பும்போது மூக்குக்குள் காய்ந்துபோய்க் கீறுகிறது. ஈரமான ஒரு சோடிக் காலுறையைப் போட்டுக் காயவைக்க இடமில்லை. உனக்கு நினைவிருக்கிறதா, பனியில் விளையாடிவிட்டு வந்து உன் கையுறைகளைச் சூடான இரும்பு ரேடியேற்றர் மேல் போடுவாய். காலையில் அவை வடகம்போல விறைத்துப்போய் இருக்கும். கையை உள்ளே விட்டதும் "சுடுது, சுடுது" என்று சிரிப்பாய், ஆனால் கழற்ற மாட்டாய். பள்ளிக்கூட பஸ் வரும்வரைக்கும் அந்தச் சூடு கையில் நிற்கும் என்று சொல்வாய்.

நீ இப்போது இருக்கும் அந்த வீட்டை நாங்கள் வாங்கிய காலத்தில் எங்கள் ஆட்கள் எல்லோரும் நகரத்துக்கு வடக்கே போய்க்கொண்டிருந்தார்கள். மில்லிக்கன் பக்கம் புதுவீடுகள், இரண்டு கார் நிறுத்தும் கராஜ், கீழே வாடகைக்கு விடக்கூடிய பேஸ்மென்ற். நாங்கள் மட்டும் டான்போர்த் பக்கம் பழைய செங்கல் வீட்டைப் பார்க்கப் போனோம். நான் வேலைசெய்த இடத்துக்கு அங்கிருந்து ஒரே பஸ் என்பதுதான் காரணம். வீட்டுக்குள் போனதும் உன் அப்பா யன்னலுக்குக் கீழே நின்ற இரும்பை உட்காரும் இருக்கை என்று நினைத்துக் காலால் தட்டிப் பார்த்து, "உது என்ன, இரும்பு வாங்கிலோ?" என்று கேட்டார். வீடு காட்ட வந்தவர் ரேடியேற்றர் என்றார். எல்லாப் பழைய வீடுகளிலும் இருப்பதுதான், உள்ளே சுடுதண்ணீர் ஓடும் என்றார். நான் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு ரேடியேற்றருக்கும் ஒரே ஒரு குழாய்தான் போனது. மற்றப் பக்கத்தில் வெள்ளி நிறத்தில் சின்னக் குப்பி மாதிரி ஒன்று இருந்தது. சுடுதண்ணீர் என்றால் போக ஒரு குழாயும் வர ஒரு குழாயும் வேண்டும். "இது தண்ணீர் இல்லை, நீராவி" என்றேன். அவர் தன் கையிலிருந்த தாளைப் பார்த்துவிட்டு, ஆம் என்றார்.

எனக்கு அது தெரிந்ததற்குக் காரணம், அந்த நாட்களில் நான் ஒரு ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை செய்தேன். நாள் முழுக்கக் கட்டில் விரிப்புகளை நீராவி உருளைக்குள் விட்டு மடிப்பதுதான் வேலை. ஊரில் படித்தது தாவரவியல். இங்கே வாழ்வு தந்தது நீராவி. வந்த புதிதில் அந்த வேலையை நினைத்து அழுதிருக்கிறேன். ஆனால் அந்த வீட்டின் முன்னறையில், குனிந்து அந்த ஒற்றைக் குழாயைப் பார்த்தபோது, இந்த நாட்டில் முதல்முறையாக ஒரு பொருளைக் கண்டதும் இது என்ன என்று யாரையும் கேட்காமல் எனக்குத் தெரிந்தது. அந்த வீடு எனக்குப் பிடித்தது அதனால்தான். உன் அப்பாவுக்கு இதை நான் சொன்னதில்லை. பஸ் வசதி என்றே சொல்லி வைத்திருக்கிறேன்.

சரி, பொய்லருக்கு வருகிறேன். அதை ஒரு பெரிய தேத்தண்ணிக் கேத்தில் என்று நினைத்துக்கொள். அடியில் காஸ் எரிகிறது, உள்ளே தண்ணீர் கொதிக்கிறது, நீராவி மேலே எழும்புகிறது. பம்ப் கிடையாது, மின்விசிறி கிடையாது. குழாய்களுக்குள் ஏற்கெனவே இருக்கும் காற்றைத் தள்ளிக்கொண்டு நீராவி தன் பாட்டில் மாடிவரை போகிறது. தள்ளப்பட்ட காற்று அந்த வெள்ளிக் குப்பிகளால் 'ஸ்ஸ்' என்று வெளியே போகும். நீராவி குப்பிக்கு வந்து சேர்ந்ததும் சூட்டில் அது தானாக மூடிக்கொள்ளும். இரும்புக்குச் சூட்டைக் கொடுத்த நீராவி மறுபடி தண்ணீராகி, வந்த அதே குழாயால் கீழே இறங்கிப் பொய்லருக்குப் போய்விடும். மேலே போவதும் கீழே வருவதும் ஒரே வழி. இந்த ஒன்றை மனதில் பதித்துவிட்டால் மற்றதெல்லாம் விளங்கும். இறங்கி வரும் தண்ணீருக்கு வழி விடவேண்டும். எங்கேயாவது அது தேங்கினால், பின்னால் வேகமாக வரும் நீராவி அந்தத் தண்ணீரைத் தூக்கிக் குழாய்ச் சுவரில் அடிக்கும். சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் வரும்.

முதல் குளிர்காலத்தில் எங்கள் வீடு முழுக்க அந்தச் சத்தம்தான். விடியற்காலையில் தேர்மோஸ்ரற் ஏறும், கீழே காஸ் பற்றும், கொஞ்ச நேரத்தில் தொடங்கிவிடும். முதலில் பேஸ்மென்றில் ஓர் அடி. பிறகு சுவருக்குள் இரண்டு, மூன்று. பிறகு எங்கள் படுக்கையறைக் கதவுக்குப் பக்கத்திலேயே. நீ எங்கள் அறைக்கு ஓடிவந்து, "அம்மா, ஆரோ சுவருக்குள்ள நிண்டு தட்டுகினம்" என்பாய். நான் உன்னைப் போர்வைக்குள் இழுத்து, ஒன்றுமில்லை, பைப் விளையாடுது என்று சொல்வேன். நீ உடனே தூங்கிவிடுவாய். உன் அப்பாவைத் திரும்பிப் பார்த்தால் அவர் கட்டிலில் இருக்கமாட்டார்.

அவர் அப்போது கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் பின்னேர வேலை. களைத்துப்போய் வந்து படுக்கிறவர் வெளிச்சம் வரும்வரை தூங்கவேண்டும். ஆனால் முதல் தட்டலோடு எழும்பிவிடுவார். எழும்பி, காற்சட்டை போட்டு, ஷேர்ட் போட்டு, பொத்தானெல்லாம் பூட்டி, காலுறையும் போட்டுக்கொண்டு கட்டிலின் விளிம்பில் இருப்பார். சத்தம் நின்றபிறகும் அப்படியே இருப்பார். ஒருநாள் கேட்டேன்.

"எங்கையப்பா வெளிக்கிடுறியள்?"

"எங்கையும் இல்லை."

"பிறகேன் உடுப்பு?"

"உடுப்புப் போட்டிருந்தா நல்லம்" என்றார். காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அண்டைக்கு நான் சாரத்தோட நிண்டனான். ஷேர்ட் போடவும் விடேல்லை" என்றார்.

கல்யாணத்துக்கு முன்பு யாழ்ப்பாணத்தில் அவர் ஒருமுறை பிடிபட்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். என் வீட்டாருக்கும் சொல்லியிருந்தார்கள். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. அன்று காலை, நீ எங்கள் நடுவில் தூங்கிக்கொண்டிருக்கும்போது, சுவரைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். ரவி என்று அவருக்கு ஒரு சிநேகிதன். சோதனைக்குச் சேர்ந்து படிக்க இவர்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தான். விடியப்போகும் நேரம் கதவில் தட்டினார்கள். வீட்டில் மற்றவர்கள் எழும்ப முன்பு உன் அப்பா போய்க் கதவைத் திறந்தார். துவக்கோடு வந்தவர்கள் இருவரையும் கொண்டுபோனார்கள். அப்பா திரும்பி வந்தார். ரவி வரவில்லை. "நான் திறந்திருக்காட்டி அவன் பின்பக்கத்தால ஓடியிருப்பான்" என்றார். கதவை உடைத்துக்கொண்டு வந்திருப்பார்கள் என்று நான் சொன்னேன். "இருக்கலாம்" என்றார். அதோடு எழும்பி முகம் கழுவப் போய்விட்டார்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்றும் விளங்கியது. நாங்கள் கனடாவுக்கு வந்து எத்தனையோ வீடு மாறியிருக்கிறோம். எந்த வீட்டிலும் யார் வந்து தட்டினாலும் அவர் முன்கதவைத் திறந்ததில்லை. மணி அடித்தால் "ஆரெண்டு பாரும்" என்று என்னிடம் சொல்வார். பீட்சா கொண்டு வருகிறவனுக்கு நீ திறப்பாய், தபாலுக்கு நிலானி திறப்பாள். அது அவருடைய சோம்பல் என்று நினைத்து நானே பலமுறை சினந்திருக்கிறேன்.

அவரிடம் வேறொன்றும் பேசவில்லை. பேசி என்ன செய்வது? ரவியைக் கொண்டுவர என்னால் முடியாது. ஆனால் தட்டல் எதனால் வருகிறது என்று எனக்குத் தெரியும். சலவைப் பகுதியில் காலையில் இயந்திரத்தைத் தொடங்க முன்பு, குழாயின் அடியில் உள்ள திருகைத் திறந்து தேங்கிய தண்ணீரை விடுவோம். விடாவிட்டால் முழு அறையும் அதிர அடிக்கும். எங்கள் வீட்டிலும் எங்கேயோ தண்ணீர் தேங்குகிறது. அதைக் கண்டுபிடிப்பது என்று முடிவெடுத்தேன்.

முதலில் ஒரு பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் பேஸ்மென்றுக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்தில் நீராவியை யாரும் வைத்திருப்பதில்லை, எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வேறு போடுங்கள் என்றார். அப்பாவுக்கும் அதுதான் விருப்பம். வசதி இருக்கவில்லை. அதனால் நீங்கள் பள்ளிக்கூடம் போனபிறகு, எனக்கு வேலை இல்லாத நாட்களில், நானே தொடங்கினேன்.

ரேடியேற்றர்களில் தொடங்கினேன். பழைய வீடு, தரை பல இடங்களில் இறங்கியிருந்தது. ரேடியேற்றர் எப்போதும் குழாய் வரும் பக்கத்துக்குக் கொஞ்சம் சரிந்து நிற்கவேண்டும். அப்போதுதான் உள்ளே உண்டாகும் தண்ணீர் வழிந்து திரும்பும். எங்களுடையவற்றில் பாதி மறுபக்கம் சரிந்திருந்தன. சோஸ் போத்தல் ஒன்றைப் பாதித் தண்ணீரோடு மூடி, அதைப் படுக்கவைத்துச் சரிவைப் பார்த்தேன். வெள்ளிக் குப்பி இருக்கும் பக்கத்துக் கால்களின் கீழே மெல்லிய மரச்சிலாகை வைத்து உயர்த்தினேன். இரும்புக் கம்பியை நெம்புகோலாகக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு உயர்த்தி, ஒரு காலால் சிலாகையைத் தள்ளவேண்டும். என் முழங்கால் அன்றைக்கே பழுதாகத் தொடங்கியிருக்கும். அந்தச் சிலாகைகள் இன்னும் அங்கேதான் இருக்கின்றன. தரையைப் புதிதாகப் போடுகிறேன் என்று மேகலாவும் நீயும் வெளிக்கிட்டால், அவற்றைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள்.

அடுத்தது ரேடியேற்றரின் வால்வு. உன் அப்பா சூடு கூடினால் வால்வைப் பாதி பூட்டிவிடுவார். பைப்பில் தண்ணீர் குறைப்பது மாதிரி நினைத்துக்கொண்டார். ஒற்றைக் குழாயில் அது கூடாது. பாதி திறந்த வாசலில் உள்ளே வரும் நீராவியும் வெளியே போகும் தண்ணீரும் முட்டிக்கொள்ளும். முழுக்கத் திற, அல்லது முழுக்கப் பூட்டு. சூடு கூடிய அறைக்குக் கொஞ்சம் மெதுவாகக் காற்றை விடும் குப்பி வாங்கிப் போடலாம். குப்பியை மாற்றும்போது பொய்லரை நிறுத்தி, இரும்பு ஆறியபிறகு மாற்று. நான் ஒருமுறை பொறுமையில்லாமல் சூட்டோடு கழற்றினேன். துருப்பிடித்த கறள் தண்ணீர் பீறிட்டு அடித்தது. உன் அறைக் கூரையில் இருக்கும் ஆபிரிக்கா மாதிரியான மஞ்சள் கறை, மழை ஒழுகியது அல்ல.

இவ்வளவும் செய்தபிறகு மாடியில் சத்தம் குறைந்தது. ஆனால் எங்கள் படுக்கையறைப் பக்கத்துத் தட்டல் மட்டும் போகவில்லை. அதுதான் எல்லாவற்றிலும் உரத்தது. ஒருநாள் பகலில் வீட்டை நன்றாகக் குளிரவிட்டு, பிறகு தேர்மோஸ்ரற்றைக் கூட்டிவிட்டு ஓடிப்போய் பேஸ்மென்றில் நின்றேன். குழாயைத் துணியால் பிடித்துப் பிடித்துச் சூடு எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தேன். தட்டல் மேலே கேட்டாலும் அது தொடங்கியது கீழே. கூரையோடு படுத்துப் போகும் பெரிய குழாய், ஓரிடத்தில் தொய்ந்து கிடந்தது. முன்பு இருந்த யாரோ அங்கே ஓர் அலுமாரியை வைப்பதற்காக அதைத் தாங்கிய கொழுக்கியைக் கழற்றிவிட்டார்கள். பெரிய தொய்வு இல்லை, கண்ணுக்குத் தெரியாது. போத்தலை வைத்தபோதுதான் தெரிந்தது. அந்த வளைவுக்குள் தண்ணீர் தேங்கி நின்றது. ஆறியபிறகு ஒரு மரக்கட்டையைக் கீழே முண்டு கொடுத்துக் குழாயை உயர்த்தி, துளைகள் உள்ள இரும்புப் பட்டியால் தொங்கவிட்டேன். சில இடங்களில் அந்தக் குழாய்களுக்கு வெள்ளை உறை சுற்றியிருக்கும். அதை மட்டும் நீ தொடாதே, உடைக்காதே. பழைய அஸ்பெஸ்ரஸ், அதன் தூள் நெஞ்சுக்குக் கெடுதல். அதற்கென்று உரிமம் உள்ளவர்களைக் கூப்பிடு. நான் உயர்த்திய குழாயில் அது இருக்கவில்லை என்பது என் அதிர்ஷ்டம்.

அடுத்த நாள் காலை நான் தூங்கவில்லை. கீழே காஸ் பற்றும் சத்தம் கேட்டது. குழாய் சூடாகும்போது ஒன்றிரண்டு சின்ன முனகல். பிறகு குப்பிகள் 'ஸ்ஸ்' என்றன. ஒன்றன்பின் ஒன்றாக மூடிக்கொண்டன. அவ்வளவுதான். யன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பனி உருகி வழியத் தொடங்கியது. உன் அப்பா வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நான் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கல்யாணம் கட்டி அவ்வளவு காலத்தில், வெளிச்சத்தில் அவர் தூங்குவதை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

நான் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருக்கும்போது இறங்கி வந்தார்.

"ஏனப்பா எழுப்பேல்லை?" என்றார். "ஹீற்றிங் வேலை செய்யேல்லையோ இண்டைக்கு?"

"தெரியேல்லை, பாருங்கோ" என்றேன்.

அவர் ரேடியேற்றரில் கையை வைத்து, உடனே எடுத்தார். என்னைப் பார்த்தார். தேத்தண்ணியை வாங்கிக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவி வைத்தார். அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்து பொய்லர் அவருடைய வேலையாகிவிட்டது. யாரும் கேட்கவில்லை, அவராகவே வாளியோடு கீழே போகத் தொடங்கினார். அவரும் வாளியும் என்று நீயும் அக்காவும் பகிடி பண்ணுவீர்கள்.

அந்த வாளியில் அவர் என்ன செய்தார் என்று இப்போது சொல்கிறேன், இனி அது உன் வேலை. பொய்லரின் பக்கத்தில் நிற்கும் கண்ணாடிக் குழாயைப் பார். அதில் தண்ணீர் பாதிக்கும் முக்கால்வாசிக்கும் இடையில் நிற்கவேண்டும். கிழமைக்கு ஒருமுறை, காஸ் எரிந்துகொண்டிருக்கும்போது, தண்ணீர் குறைந்தால் நெருப்பை நிறுத்தும் அந்தப் பாதுகாப்புப் பெட்டியின் அடித்திருகைத் திறந்து, வரும் ஊத்தைத் தண்ணீரை வாளியில் பிடி. தெளிவாக வரும்வரை விடு. திறந்திருக்கும்போது நெருப்பு நிற்கவேண்டும். நின்றால் பெட்டி வேலை செய்கிறது. நிற்காவிட்டால் பொய்லரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடு, நாளைக்குப் பார்ப்போம் என்று விடாதே. திருகைப் பூட்டியபிறகு, கண்ணாடியில் குறைந்திருக்கும் அளவுக்கு மெதுவாகத் தண்ணீர் விடு. எப்போதாவது கண்ணாடியில் தண்ணீரே தெரியாமல், பொய்லரும் கொதித்துக்கொண்டிருந்தால், பயத்தில் ஓடிப்போய்த் தண்ணீரைத் திறக்காதே. காய்ந்த சூட்டு இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். காஸை நிறுத்து, முழுக்க ஆறவிடு. அடிக்கடி தண்ணீர் விடவேண்டி வந்தால் எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தம். புதுத் தண்ணீர் கூடக்கூட இரும்பு உள்ளே கறள் பிடிக்கும். அழுத்தம் காட்டும் முள் இடத்தை விட்டுப் பெரிதாக அசையக்கூடாது. அழுத்தத்தைக் கூட்டினால் வீடு கெதியாகச் சூடாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதே. புகைக்கூண்டை வருடத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்லு. நச்சுவாயு அலாரத்துக்கு பற்றறி போட்டு வை.

அந்த ஐஸ் மழை பெய்த டிசம்பர் நத்தார் காலம் உனக்கு நினைவிருக்கும். மரக்கிளைகள் எல்லாம் கண்ணாடி உறை போட்டதுபோல இருந்தன. முறிந்து மின்கம்பிகளில் விழுந்தன. முழுத் தெருவிலும் மின்சாரம் இல்லை. ஸ்காபரோவில் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோரும் கோட்டைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் இருந்தார்கள். காஸ் இருந்தாலும் அவர்களின் ஹீற்றிங்குக்கு விசிறி சுழல மின்சாரம் வேண்டும். எங்கள் பழைய பொய்லருக்கு மின்சாரம் ஒன்றும் தேவைப்படவில்லை. அதில் எப்போதும் எரியும் ஒரு சின்னச் சுடரின் சூட்டிலேயே காஸ் வால்வைத் திறக்கிற அளவு மின்சாரம் உண்டாகும். வெளியே உலகம் உறைந்து கிடக்க, எங்கள் வீட்டில் குப்பிகள் 'ஸ்ஸ்' என்று சொல்லிக்கொண்டிருந்தன. நீயும் அக்காவும் மாடியில் மெழுகுதிரி வெளிச்சத்தில் காட்ஸ் விளையாடினீர்கள்.

பின்னேரம் நான் டோர்ச்சோடு பேஸ்மென்றில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்கதவில் தட்டும் சத்தம் கேட்டது. மணி வேலை செய்யவில்லை, அதனால் கையால் தட்டினார்கள். பலமாக, மூன்று நான்கு முறை. உன் அப்பா மேலே முன்னறையில் தனியாக இருந்தார். நான் டோர்ச்சைக் கீழே வைத்துவிட்டுப் படியால் ஏறி ஓடினேன், வழக்கம்போல நான்தான் திறக்கவேண்டும் என்று. மேல்படிக்கு வரும்போதே குளிர்காற்று முகத்தில் அடித்தது. கதவு திறந்திருந்தது. அப்பா கைப்பிடியைப் பிடித்தபடி நின்றார். வெளியே பக்கத்து வீட்டு மரியா, கைக்குழந்தையைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய புருஷன் வேலையிலிருந்து வரமுடியாமல் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தான்.

"கம், கம்" என்றார் அப்பா. "பேபி கோல்ட். இன்சைட் வார்ம்."

மரியாவை ரேடியேற்றருக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினார். குழந்தையின் காலுறைகளை வாங்கி ரேடியேற்றர் மேல் விரித்தார். பிறகு வந்தவர்களுக்கும் அவரே திறந்தார். எங்கள் முன்னறை அன்று ஒரு பஸ் நிலையம் மாதிரி இருந்தது. நான் காஸ் அடுப்பில் பெரிய சட்டியில் தேத்தண்ணி வைத்தேன். மின்சாரம் இல்லாமல் இது எப்படி வேலை செய்கிறது என்று மரியா கேட்டாள். உன் அப்பா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேத்தில், சுடர், காற்று, குப்பி என்று எல்லாவற்றையும் கையால் காட்டிச் சொன்னார். அவர் ஆங்கிலத்தில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மரியா கேட்டுவிட்டு, தன் தாய் இருந்த பழைய அப்பார்ட்மென்றிலும் நீராவிதான், ஆனால் அங்கே குழாய்கள் பயங்கரமாக அடிக்கும், உங்கள் வீட்டில் ஏன் சத்தமில்லை என்று கேட்டாள்.

அப்பா குனிந்து குழந்தையின் காலுறையைத் திருப்பிப் போட்டார்.

"மை வைஃப் ஃபிக்ஸ்" என்றார். "ஃபோர் மீ."

நான் குசினி வாசலில் தட்டுடன் நின்றேன். நான் வந்ததை அவர் காணவில்லை. நான் திரும்பிக் குசினிக்குள் போய், சீனி போட மறந்ததுபோல ஒவ்வொரு கோப்பையையும் மறுபடி கலக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். அவருக்காகத்தான் செய்தேன் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீ இந்தப் பொய்லரை எடுத்துவிட்டு வேறு ஏதாவது போடலாமா என்று மேகலா கேட்கிறாள் என்று தயங்கித் தயங்கிச் சொன்னாய். தயங்கத் தேவையில்லை. அது இரும்பு. ஒருநாள் உள்ளே ஓட்டை விழும், அப்போது யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதற்கு முன்பே மாற்றினாலும் எனக்குக் கவலை இல்லை. கோடையில் குளிர்காற்றும் தரக்கூடியது ஏதோ வருகிறதாம், அவள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. நாளைக்கு உங்கள் பிள்ளை அந்த வீட்டில் வளரும்போது உங்களுக்கு எது வசதியோ அதைச் செய்யுங்கள். ஆனால் இந்தக் குளிர்காலம் அதோடுதான் இருக்கப்போகிறாய். அதனால் பழகிக்கொள். எடுப்பதென்றாலும், அந்த வீட்டில் அது என்ன செய்தது என்று தெரிந்துகொண்டு எடு.

இதையெல்லாம் உனக்கு எழுதட்டுமா என்று உன் அப்பாவிடம் நேற்றுக் கேட்டேன். ரவியைப் பற்றியும் எழுதப்போகிறேன் என்று சொன்னேன். அவர் நிலானியின் பின்வளவில் விழுந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டுவதை நிறுத்தவில்லை. வேண்டாம் என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன்.

"எழுதும்" என்றார். பிறகு, "ஆனா எல்லாத்தையும் எழுதாதையும். மிச்சத்தை நான் அவனுக்குச் சொல்லுறன்" என்றார்.

"மிச்சமோ? எனக்குத் தெரியாத மிச்சம் என்ன இருக்கு?"

"ரவி நல்லாப் பாடுவான்" என்றார் அவர். "அதை நான் உமக்குச் சொல்லேல்லைத்தானே."

வரும் சனிக்கிழமை நிலானி எங்களை அங்கே கொண்டுவந்து விடுவாள். பொய்லரை இந்த வருடத்துக்கு முதல்முறை பற்றவைக்கவேண்டும், அதை அப்பா உனக்குக் காட்டுவார். என் முழங்காலுக்கு அந்தப் படி சரிவராது. நானும் மேகலாவும் கடைக்குப் போய்விட்டுப் பின்னேரம்தான் வருவோம். கீழே இரண்டு கதிரை கொண்டுபோய் வை. அவர் தண்ணீரைப் பற்றித்தான் தொடங்குவார். நீ அவசரப்படாமல் கேட்டுக்கொண்டிரு.

அன்புடன்,
அம்மா